மீன் கோட்டும் வெள்ளைக் கோட்டும்

மண்டபத்தூரில் ஒரு வீட்டில் என்னைக் காட்டித்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்த அன்று என் வலது ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

நான் பல் டாக்டர். காரைக்கால் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் என் கிளினிக் இருக்கிறது. பிறந்து வளர்ந்தது நெரவிப் பக்கம். வீட்டில் நெல் சாகுபடி. எங்கள் சொந்தத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் நான்தான் என்பதால் அந்தக் கோட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பெருமை இருந்தது. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, பைகளின் ஓரத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மாட்டிக்கொள்வேன். அதைப் பார்த்ததும் பெரியவர்கள் எழுந்து நிற்பார்கள். பிள்ளைகள் எழுந்து ஓடுவார்கள். இரண்டையுமே நான் மரியாதைக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

ஓடுகிற பிள்ளைகளைப் பிடிப்பதற்கு ஒருவர் இருந்தார். திருமலைராயன்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். யார் எப்போது வரவேண்டும் என்று எழுதி வைப்பது, கருவிகளைக் கழுவிச் சுடவைப்பது, அழுகிற தாய்மார்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் லாத்தாதான். தன் நாற்காலியை மாடிப்படியின் வாசலை அடைத்தாற்போலப் போட்டு உட்கார்ந்திருப்பார். காற்று வரும் என்று சொல்லுவார். காரணம் அது இல்லை.

அந்த மண்டபத்தூர்ப் பெண்பிள்ளையை அவள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. வலது கன்னம் வீங்கி, கண் சிறுத்துப் போயிருந்தது. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரவேண்டிய உயரம். கன்னம் அப்படி வீங்கியிருந்தும் அவள் வாய் ஓயவில்லை. வரவேற்பறையில் லாத்தாவிடம், நண்டு ஒன்று தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேசுகிற பிள்ளை வாயைத் திறக்கக் கஷ்டமே இருக்காது என்று நினைத்துத் திரையை விலக்கினேன்.

நண்டு பாதியிலேயே நின்றுவிட்டது. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். முகத்தை அல்ல, கோட்டை. பிறகு கத்தினாள் பாருங்கள், கீழே ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர் கை நின்றுவிட்டதாம்.

எப்படியோ அப்பாவும் லாத்தாவுமாக நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கல்லூரியில் கற்றுக்கொண்ட சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நான் குனிந்தேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன் செல்லம். சும்மா பாக்கத்தான் போறேன்."

இதைச் சொல்லிக்கொண்டே விரலை உள்ளே விட்டேன். அடுத்த நொடி அவள் கடித்தாள். சொத்தைப் பல் அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கத்து நல்ல பற்களால் கடித்தாள். நான் கையை உதறிக்கொண்டு பின்னால் போனேன். அப்பா பதறிப்போய் என் கையைப் பார்த்தார். லாத்தா பஞ்சு எடுக்கத் திரும்பினார். மூன்று பேரும் விரலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாற்காலி காலியாகிவிட்டது.

படி வாசலிலும் ஆள் இல்லை. அப்பா இரண்டு இரண்டு படியாகத் தாண்டி ஓடினார். தெருவில் இல்லை. டீக்கடையில் இல்லை. கடைசியில் ஜவுளிக்கடையில், வரிசையாகத் தொங்கவிட்டிருந்த நைட்டிகளில் ஒன்றுமட்டும் விக்கி விக்கி அழுவதைக் கடைக்காரர் கவனித்தார். அதற்குள் இருந்தாள்.

மேலே என் விரலுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே லாத்தா கேட்டார்.

"நாய் கடிச்சா ஊசி போடணும்பாங்க. பல்லு டாக்டரப் புள்ள கடிச்சா என்னா போடணும் டாக்டரம்மா?"

"பேசாம கட்டுங்க லாத்தா."

அன்று அவளை மறுபடி மேலே கொண்டுவருவது நடக்காத காரியம். நானே இறங்கிப்போகலாம் என்றால் கோட்டு மறுபடி கண்ணில் படும். அப்பாவை மட்டும் வரச்சொல்லி, வீக்கம் வடிய மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துக் கட்டாயம் கூட்டிவரவேண்டும் என்றேன். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"டாக்டரம்மா, தப்பு எம்மேலதாங்க."

"உங்க மேல என்ன தப்பு? கடிச்சது அவதானே?"

"இல்லீங்க. போன வருசம் கரையில தூண்டி முள்ளு இவ கால்ல ஏறிருச்சு. ஆஸ்பத்திரில வெள்ளக் கோட்டு போட்டவங்க மூணு பேரு புடிச்சுக்கிட்டுத்தான் எடுத்தாங்க. அவங்க நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. ஆனா அன்னையிலேருந்து வெள்ளையப் பாத்தாலே இவ நடுங்குறா. நான் சும்மா இருந்திருக்கணும். இவ சோறு திங்க மாட்டாளா, நானும் 'வெள்ளக் கோட்டு டாக்டரக் கூப்புடவா, கூப்புடவா'ன்னு..."

"தினமுமா?"

"மூணு வேளையுங்க."

கோபம் வந்திருக்கவேண்டும். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு வருஷமாக நானோ, என்னைப் போன்ற யாரோ, தினம் மூன்று வேளையும் மண்டபத்தூரில் ஒரு வீட்டுச் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் நின்று மிரட்டியிருக்கிறோம். சோறு உள்ளே போயிருக்கிறது. பல் மட்டும் சொத்தையாகியிருக்கிறது.

அவர் போன பிறகு லாத்தாவைக் கேட்டேன். "என்னப் பாத்தா பயமாவா இருக்கு?"

"ஒங்கள இல்ல. ஒங்க கோட்டத்தான். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு வாரம் நானே பயந்தேன்."

"சொல்லவே இல்லியே?"

"பயந்தவ எப்படிச் சொல்லுவா?"

இரண்டு நாள் கழித்து ஒரு சம்பவம் நடந்தது. அன்று காலையில் சொந்தக்காரர் கல்யாணம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, வீட்டில் இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தபோது லாத்தா போன் செய்தார். நாலு வயதுப் பையன் ஒருவன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்து வந்திருக்கிறான். பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். கோட்டு மாட்டக்கூட நேரமில்லாமல் கையை மட்டும் கழுவிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

"அத்தை, ஒங்களுக்குக் கல்யாணமா?"

"இல்லடா, வேற ஒருத்தருக்கு. நீ வாயத் தொற, நான் சாப்பாட்டுல என்ன போட்டாங்கன்னு சொல்றேன்."

திறந்தான். நான் வடையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் பல்லை முன்னும் பின்னும் பார்த்து முடித்தேன். வேர் உடையவில்லை, உடைந்த முனையை மட்டும் சரிசெய்தால் போதும். சந்தோஷமாக உள்ளே போய், நகையைக் கழற்றி வைத்துவிட்டு, புடவைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தேன். அதே நான். அதே பூகூடத் தலையில் இருந்தது. அவன் வாய் பூட்டிக்கொண்டது.

"என்னடா ஆச்சு?"

அவன் அம்மாவின் பக்கம் திரும்பி, "அந்த அத்தையக் கூப்புடும்மா," என்றான்.

நான் கோட்டைக் கழற்றினேன். திறந்தான். புடவைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வேலையை முடித்தேன். பாயசம்வரைக்கும் சொல்லவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தினமும் பட்டுப்புடவையும் பூவுமாக வந்து நிற்க முடியுமா? அன்று சாயங்காலமே லாத்தாவைக் கூட்டிக்கொண்டு கீழே கடைக்கு இறங்கினேன். பிள்ளைகளுக்குக் கவுன் தைக்கிற துணிகளை எடுத்துப் போடச் சொன்னேன். யானை இருந்தது, பலூன் இருந்தது, தொப்பி போட்ட முயல் இருந்தது. லாத்தா எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரு நீலத் துணியை இழுத்தார். அதில் ஆரஞ்சு நிற மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மீனுக்கும் நீண்ட கண்ணிமை முடி, சிவந்த உதடு, ஒரு சிரிப்பு.

"இதான். நம்மூருக்கு மீனுதான் சரி."

தையல்காரர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு நாடாவை எடுத்தார். "பாப்பாவுக்கு எத்தனை வயசும்மா? கவுனா, பாவாட சட்டையா?"

"கோட்டு. எனக்கு."

அவர் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாடாவை என் தோளில் வைத்து அளவெடுத்தார். தொழில் மரியாதை என்றால் அதுதான்.

மீன் கோட்டைப் போட்டுக்கொண்ட முதல் நாள் முதலில் வந்தவர் பிள்ளை அல்ல. அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். நகராட்சி அலுவலகத்தை இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் மேரி என்றுதான் சொல்லுவார். பல்செட் வைத்துக்கொள்ள முதல்முறையாக வந்திருந்தார். நான் திரையை விலக்கிக்கொண்டு, "வாங்க ஐயா," என்றேன்.

"டாக்டர் இல்லையாம்மா?"

"நான்தாங்க டாக்டர்."

"சரிம்மா, சரி. பெரிய டாக்டர் எப்ப வருவாங்க?"

"வேற டாக்டர் இல்லீங்க ஐயா. நான் மட்டும்தான்."

அவர் கண்கள் என் வயிற்றுப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்த மீனிடம் போயின. "ஒண்ணும் அவசரமில்ல. நான் மேரிக்குப் போற வேலைய நாளைக்கு வச்சிக்கிறேன். அவங்க வரட்டும்," என்று சாவதானமாகச் செய்தித்தாளைப் பிரித்தார்.

ஐந்து நிமிடம் பார்த்தேன். பத்து நிமிடம் பார்த்தேன். உள்ளே போய் மீன் கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அதே திரையை விலக்கிக்கொண்டு வந்தேன். பெரியவர் சட்டென்று எழுந்து கும்பிட்டார்.

"வணக்கம் டாக்டர். உள்ள ஒரு பொண்ணு இருக்கு, ரொம்பப் பொறுப்பாப் பேசுது. நல்லா வச்சிக்குங்க."

லாத்தா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு படியில் இறங்கிப் போய்விட்டார். நான், "சரிங்க ஐயா, வச்சிக்கிறேன்," என்றேன்.

அதன் பிறகு இரண்டு கோட்டும் வேண்டும் என்று ஆகிவிட்டது. யார் படியேறி வருகிறார்களோ அதைப் பார்த்து லாத்தா வாசலிலிருந்து "வெள்ள!" என்றோ "மீனு!" என்றோ குரல் கொடுப்பார். நான் திரைக்குப் பின்னால் மாற்றிக்கொள்வேன். பல் வலியோடு காத்திருந்த ஒருவர், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்கிறோம் என்று நினைத்து, "இங்க மெஸ்ஸும் இருக்கா?" என்று கேட்டார். தாத்தாவும் பேரனுமாகச் சேர்ந்து வந்துவிட்டால் லாத்தாவுக்கு என்ன கத்துவது என்று தெரியாது.

மண்டபத்தூர்ப் பிள்ளை ஒரு வாரத்தில் வரவில்லை. எட்டாம் நாளும் வரவில்லை. இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன். பத்தாம் நாள் காலையில் படியில் கனமான காலடி கேட்டது. அப்பா அவளைத் தூக்கி வந்தார்; அவள் முகத்தை அவர் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு, கையால் அவர் காதை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மீனு!" என்று லாத்தா கத்தினார்.

காதைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. முகம் கொஞ்சம் திரும்பியது. காலையில் மீன் என்று யாராவது கத்தினால் திரும்பிப் பார்க்கிற வீடு அது.

நான் வெளியே வந்தேன். கிட்டே போகவில்லை. லாத்தாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் என் கோட்டைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். புருவத்தைச் சுருக்கினாள். அப்பாவின் தோளிலிருந்து வழுக்கி இறங்கினாள். இரண்டடி முன்னால் வந்தாள்.

"இது என்னா மீனு?"

"தெரியலியே. நீதான் சொல்லேன்."

"இது மீனே இல்ல. மீனுக்குக் கண்ணுல முடி கெடையாது."

"அப்படியா?"

"ஒதடும் இப்புடி இருக்காது. செதிலும் தப்பு. யாரு செஞ்சா இத?"

"ஏய், டாக்டரம்மாக்கிட்ட அப்புடிப் பேசாத," என்றார் அப்பா.

"பேசட்டும் விடுங்க. எனக்கு மீனப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்றேன். அது பொய் இல்லை. நெரவியில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாய்க்கால் கெண்டையும் குளத்து விராலும்தான். "சரி, மீனுக்குப் பல்லாவது இருக்கா?"

அவளுக்கு என் அறியாமை தாங்கவில்லை. "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருக்காது. சீலாவுக்குத்தான் பெரிய பல்லு. இப்புடி இருக்கும்." சொல்லிவிட்டு, சீலா மீன் வாயைத் திறப்பது எப்படி என்று எனக்குக் காட்டினாள்.

பத்து நாளாக நான் பார்க்க நினைத்த பல் அதோ இருந்தது. கீழ் வரிசை, வலது பக்கம், கடைவாய்ப் பால் பல். நடுவில் குழி விழுந்து சுவர் மட்டும் மிச்சம். வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. எடுத்துவிட்டால் நிம்மதி.

"எனக்குச் சரியாத் தெரியல. உள்ள வெளக்கு இருக்கு, அங்க வந்து காட்டுறியா?"

வந்தாள். நாற்காலியில் தானாகவே ஏறினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு செய்தேன். திரும்பி நின்று முகக்கவசத்தையும் கையுறையையும் போட்டுக்கொண்டு சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் ஒரு காலை நாற்காலியிலிருந்து கீழே போட்டுவிட்டாள்.

"ஒங்க வாயி எங்க?"

முகக்கவசத்தை இழுத்துக் காட்டினேன். "இந்தா இருக்கு."

மறுபடி மூடினேன். மறுபடி இறக்கினேன். நாலாவது தடவை நாக்கை நீட்டினேன். சிரித்துவிட்டாள். கால் மேலே போயிற்று. ஆனால் கண் மட்டும் என்னைத் தாண்டி எங்கோ போய்ப் போய் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி அலமாரிக்குள், துவைத்து வந்த வெள்ளைக் கோட்டு ஒன்று ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள யாரு?" என்றாள் மெதுவாக.

"யாரும் இல்லம்மா. வெறும் துணி."

நம்பவில்லை. அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தோன்றவில்லை. லாத்தாதான் அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்து அவள் மடியில் போட்டார்.

"கைய உட்டுப் பாரு. யாராச்சும் இருந்தா வெளிய இழுத்துரு. நம்ம ரெண்டு பேரும் ஒரு கை பாத்துருவோம்."

முதலில் ஒரு விரல். பிறகு மணிக்கட்டு வரை. பிறகு ஒரு கைமுழுதும் உள்ளே போய் மறுபக்கம் வரவில்லை. அவ்வளவு நீளம் சட்டைக்கை. இன்னொரு கையையும் விட்டாள். பைகளைச் சோதித்தாள். காலியாக இருந்தன. லாத்தா சட்டைக்கைகளை மடித்து மடித்து ரப்பர் பேண்டு போட்டார். கோட்டின் ஓரம் நாற்காலியிலிருந்து வழிந்து தரையைத் தொட்டது. பிள்ளை தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்து, என் சிரிப்பை அப்படியே முகத்தில் கொண்டுவந்து, என் குரலில் சொன்னாள்:

"ஒண்ணும் பண்ண மாட்டேன் செல்லம். சும்மா பாக்கத்தான் போறேன்."

லாத்தா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. எத்தனை பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு எத்தனை பேருக்கு ஊசி போட்டிருப்பேன். எந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு சொன்னாலும் பொய் பொய்தானே. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தேன்.

"நான் பண்ணத்தான் போறேன். அந்தப் பல்லு கெட்டுப்போச்சு, எடுக்கணும். மொதல்ல கொஞ்சம் வலிக்கும்."

அப்பா எனக்குச் சைகை செய்தார், சொல்லாதீங்க என்று. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

"எவ்ளோ வலிக்கும்?"

"எறும்பு கடிக்கிற மாதிரி."

"கட்டெறும்பா, சித்தெறும்பா?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன். "சித்தெறும்பு. ஒண்ணே ஒண்ணு. அப்புறம் அந்த எடம் மரத்துப் போயிரும், நான் தள்ளுறது மட்டும்தான் தெரியும். நடுவுல நிறுத்தணும்னா நீ கையத் தூக்கு. நான் நிறுத்திருவேன்."

"நெசமாவா?"

"தூக்கிப் பாரு."

வெள்ளைச் சட்டைக்கை மேலே எழுந்தது. நான் இரண்டு கையையும் எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். கையை இறக்கினாள். நான் வந்தேன். தூக்கினாள். நகர்ந்தேன். பல் எடுத்து முடிப்பதற்குள் ஒன்பது தடவை தூக்கினாள். அதில் ஒரு தடவை எறும்புக்காக. இன்னொரு தடவை தண்ணீருக்காக. மற்ற ஏழும் நான் சொன்ன சொல் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக. அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆடுகிற பல் கடைசியில் குறட்டோடு வந்தபோது அவளுக்கு அது தெரியவே இல்லை. காட்டினேன். உள்ளங்கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" பஞ்சைக் கடித்திருந்ததால் குரல் குழறியது.

"இவ்ளோதான்."

கோட்டைக் கழற்ற மறுத்துவிட்டாள். அப்பா கெஞ்சினார். வேண்டாம் விடுங்கள் என்றேன். கோட்டின் ஓரத்தை லாத்தா தூக்கிப் பிடித்துக்கொள்ள, மணப்பெண் மாதிரி படியிறங்கிப் போனாள். ஜவுளிக்கடைக்காரர் எழுந்து நின்று, "வாங்க டாக்டர்," என்றாராம். தலையை மட்டும் அசைத்தாளாம். கோட்டு அடுத்த வாரம்தான் திரும்பி வந்தது. துவைத்து மடித்திருந்தும் அதில் கருவாட்டு வாசனை இருந்தது.

அதே தையல்காரரிடம் போய் மூன்று அளவில் சின்ன வெள்ளைக் கோட்டுகள் தைத்து வாங்கினேன். இந்தத் தடவை எத்தனை வயது என்று அவர் கேட்கவே இல்லை, "யாருக்கும்மா?" என்றுமட்டும் எச்சரிக்கையாகக் கேட்டார். வருகிற பிள்ளைக்கு ஒன்றை மாட்டிவிட்டு, நான் மீனோடு நின்றுவிட்டால் இனிமேல் பிரச்சனையே இல்லை என்று நம்பினேன். ஒரு வாரம்தான் நம்ப முடிந்தது.

நெரவியிலிருந்து வந்த பத்து வயதுப் பையன் ஒருவன் மீன் கோட்டைப் பார்த்துவிட்டுத் தன் அம்மாவின் காதில், எனக்கும் கேட்கும்படி, "இவங்க நெசமாவே படிச்சவங்களா?" என்று கேட்டான். அவனுக்கு வெள்ளைதான் வேண்டியிருந்தது. சுவரில் இருக்கிற என் சான்றிதழையும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். இன்னொரு குட்டிப் பையனுக்குக் கெளுத்தி மீன் முள் கையில் குத்தி நாலே நாள் ஆகியிருந்தது. என் மேல் அத்தனை மீன்களைப் பார்த்ததும் அவன் போட்ட கூச்சலில் லாத்தா பாய்ந்துபோய்ப் படி வாசல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். புடவையில் போனால் சரியாக இருக்கும் என்று ஒரு சிறுமியிடம் வெறும் புடவையோடு போனேன். அவள் எழுந்து நின்று, "குட் மார்னிங் மிஸ்," என்று சொல்லிவிட்டு, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை போல நடுங்கினாள்.

கடைசியில் லாத்தாவே ஒரு வழி கண்டுபிடித்தார். வாசலில் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, "டாக்டரம்மா இன்னைக்கு என்னா போட்டுக்கட்டும்?" என்று கேட்டுவிடுவார். அதற்குப் பதில் சொல்லுகிற கவனத்தில் பாதிப் பயம் போய்விடும். சிலர் மீன் என்பார்கள், சிலர் வெள்ளை என்பார்கள். ஒருத்தி, போலீஸ் சட்டை இருக்கிறதா என்று கேட்டாள். மிச்சப் பாதிப் பயத்துக்கு நான் உண்மையைச் சொல்வேன். எறும்புக் கணக்கு இப்போது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. இன்னும் அழுகிற பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். எந்தக் கோட்டுக்கும் மசியாத இரண்டு பேரை நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் வந்து படகுகள் எல்லாம் கரையில் கிடந்த ஒரு நாள், மண்டபத்தூர் அப்பாவும் பிள்ளையும் மறுபடி வந்தார்கள். இந்த முறை அவர் அவளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அவள் முன்னால் நடந்து வந்தாள். அவர் கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"எங்கப்பாவுக்குப் பல்லு வலி," என்று அவளே லாத்தாவிடம் பெயர் கொடுத்தாள். "நாலு நாளா சோறு திங்கல."

"அடடே. யாரச் சொல்லி மெரட்டுன?" என்றேன்.

"நான் மெரட்டல. கூட்டியாந்துட்டேன்."

லாத்தா வழக்கம்போல, "டாக்டரம்மா என்னா போட்டுக்கட்டும்?" என்று அவரையும் கேட்டுவிட்டார். ஆறடி மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வெள்ளையே போட்டுக்குங்க டாக்டரம்மா. மீனப் பாத்தா தொழில் நெனப்பு வந்துரும்."

வெள்ளையைப் போட்டுக்கொண்டு வந்தேன். மகள் என்னைப் பார்த்தாள், அசையவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். நாற்காலியின் கைப்பிடியை அவர் பிடித்திருந்த பிடியில் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

"மொதல்ல சித்தெறும்பு, அப்புறம் ஒண்ணுந் தெரியாது," என்று அவள் அவருக்கு விளக்கினாள். "வேணாம்னா கையத் தூக்குப்பா. நிறுத்திருவாங்க."

நான் ஊசியை எடுக்கவே இல்லை. விளக்கைத்தான் போட்டேன். அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"எறக்குப்பா. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

இறக்கினார். நான் குனிந்தேன். தூக்கினார். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை ஆனபிறகு, அவள் அந்தப் பெரிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று சொல்ல நினைத்தேன். அவர் அதன் பிறகு அசையாமல் இருந்ததால் சொல்லவில்லை.

பல் வந்தது. மூன்று வேரும் முழுசாக. அவர் கண்ணைத் திறந்து, சட்டைக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கரையில் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவர் என்னிடம் சைகையில் கேட்டுக்கொண்டிருந்தபோதே, மகள் பல்லை ஒரு காகிதத்தில் பொதிந்து லாத்தாவிடம் டப்பா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா?" என்றார் லாத்தா.

"பள்ளிக்கூடம் தொறந்ததும் டீச்சர்ட்ட காட்டுறதுக்கு."

மாத்திரை வைக்கிற சின்ன டப்பா ஒன்றை லாத்தா தேடி எடுத்துக் கொடுத்தார்.